கோதும் குறியும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)





இந்து இளைஞர் சங்கத்தின் மேடையிலே துவக்கைப் பற்றி ஒருவன் பேசலாமோ என்று உங்களிற் சிலர் எண்ணுதல் கூடும். கொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் புலான் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமும் வகுத்த வள்ளுவர் பெருமானின் மொழி நம் மொழி. ஆதலின் அந்த ஐயம் நியாயமானதே. ஆயினும் நம் சமயம் வேடரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடவில்லை. காளத்தியப்பருக்குத் தம் கண்ணையே இடந்து அப்பிய கண்ணப்பர் வேடர் குலத்தவர். அருச்சுனன் தவஞ் செய்த காட்டுக்குச் சிவபெருமான் வேட வடிவந் தாங்கியே வந்தார். அங்கே இருவரும் ஒரே பன்றியின் மேல் அம்பெய்து, எய்தது யார் அம்பு என்று வழக்காடியதும் நீங்கள் அறிந்த கதையே.

அன்றியும், துவக்கு நம் ஊருக்குப் புதிய பொருளன்று. தண்ணிமுறிப்புப் பக்கம் வயல் செய்தவர்களுக்கு இடியன் துவக்கும் பரணும் இராக்காவலும் தெரியும். கட்டுத்துவக்கினாற் காலிழந்த மனிதரையும் இந்த வன்னி மண் கண்டிருக்கிறது. பின்னர் வந்த நீண்ட போரைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. 2009 மே மாதத்தில் அது முடிந்தபோது, நம் வளவுகளிலும் வரப்புகளிலும் மழை கழுவிய மண்ணிலே மினுங்கிக் கிடந்தவை வெற்றுக் கோதுகளே. துவக்கு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே நம் தாய்மாரின் முகம் வாடுவதற்குக் காரணம் உண்டு.

அந்த வெற்றுக் கோதைத்தான் இன்று என் பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன். சன்னம் குறியில் விழுவதற்கும் அந்தப் பித்தளைக் கோதுக்கும் என்ன தொடர்பு? குறிச்சூட்டு விளையாட்டு வீரரும் பொறுப்புள்ள வேட்டைக்காரரும் அதனை ஆயத்தஞ் செய்வதில் ஏன் அவ்வளவு பாடுபடுகிறார்கள்? அதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? இம் மூன்றையும் என்னால் இயன்ற அளவிற் சொல்ல முயல்வேன்.

குறி என்பது யாது?

ஒருவன் ஒருமுறை சுட்டான், நடுப்புள்ளியில் விழுந்தது. இதைக் கொண்டு அவன் துவக்கு நல்லது என்று சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கொண்டு எறிந்த கல்லும் சிலவேளை மாங்காயை வீழ்த்தும். அவனே ஐந்து முறை சுட்டு, ஐந்து சன்னங்களும் ஒரே இடத்தில் நெருங்கி விழுந்தால் அப்போதுதான் அதனைச் செப்பமான துவக்கு என்பார்கள். அந்த இடம் நடுப்புள்ளிக்கு இரண்டு அங்குலம் இடப்புறமாக இருந்தாலும் கவலையில்லை. குறிகாட்டியைத் திருப்பி அதனைச் சரி செய்துவிடலாம். சிதறி விழும் துவக்கைத் திருத்தக் குறிகாட்டியால் ஆகாது.

இந்தச் சிதறலை அளப்பதற்கு ஒரு கோண அளவு உண்டு. ஒரு பாகையை அறுபது கூறாக்கினால் ஒரு கூறு ஒரு கலை எனப்படும். நூறு யார் தூரத்தில் ஒரு கலை என்பது ஏறக்குறைய ஓர் அங்குலம். நூறு மீற்றரில் ஏறக்குறைய 29 மில்லிமீற்றர். ஐந்து சூடும் ஒரு கலைக்குள் அடங்கினால் அது நல்ல வேட்டைத் துவக்கு. போட்டிக்கென்றே செய்யப்பட்ட துவக்குகள் அதனினும் பன்மடங்கு நெருக்கமாகச் சுடும்.

ஆகவே செப்பம் என்பதை ஒரே சொல்லில் விளக்க வேண்டுமானால், ஒருமை என்று சொல்லுவேன். முதற் சூடு எப்படியோ அப்படியே இரண்டாவதும், அப்படியே இருபதாவதும் அமைய வேண்டும். கண்ணும் மூச்சும் விரலும் மாறாதிருப்பது சுடுபவனின் ஒருமை. குழல் மாறாதிருப்பது கொல்லனின் ஒருமை. மருந்தும் சன்னமும் கோதும் மாறாதிருப்பது தோட்டாவின் ஒருமை. இம் மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் வீணே.

சுழன்று செல்லும் சன்னம்

நம்மவர் வைத்திருந்த இடியன் துவக்கின் குழல் உள்ளே வழுவழுப்பானது. அதற்குள் இட்ட சிறு சன்னங்கள் பரவிச் செல்லும். முப்பது நாற்பது யாருக்கு அப்பால் அதனை நம்புவதற்கில்லை. றைபிள் என்பதோ குழலின் உட்சுவரில் புரியாக வெட்டிய தவாளிப்புகளை உடையது. அப்புரியிற் சிக்கிச் செல்லும் சன்னம் பம்பரம் போலச் சுழன்றுகொண்டு வெளிப்படுகிறது. சுழலும் பம்பரம் விழாது நிற்பது போல, சுழலும் சன்னமும் தலை கவிழாது நேரே செல்லுகிறது.

பெஞ்சமின் றொபின்ஸ் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர் 1742 ஆம் ஆண்டில் சன்னத்தின் வேகத்தை அளப்பதற்கு ஓர் ஊசலை அமைத்துக் காட்டினார். புரி வெட்டிய குழலின் தத்துவத்தை நன்கு அறிந்து கையாளும் நாடே போர்க்களத்தில் மேலோங்கும் என்றும் அவர் முன்கூட்டிச் சொன்னார். அவர் சொன்னது பலிக்க ஒரு நூற்றாண்டு சென்றது. 1850 களில் யோசெப் விற்வேத் என்னும் பொறியியலாளர் அதனைச் செய்கையில் முடித்தார். அக்காலத்து எனபீல்ட் துவக்கின் புரி 78 அங்குலத்துக்கு ஒருமுறை திரும்பியது. விற்வேத்தின் அறுகோணக் குழலில் அது 20 அங்குலத்துக்கு ஒருமுறை திரும்பியது. 1860 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 2 ஆந் திகதி விம்பிள்டன் திடலில், தாங்கியொன்றிற் பொருத்தி வைத்த விற்வேத் றைபிளை விக்ரோறியா மகாராணியார் பட்டுக் கயிற்றை இழுத்துச் சுட்டார். 400 யார் தூரத்தில் இருந்த இலக்கின் நடுவுக்கு ஒன்றேகால் அங்குலத்துக்குள் அச் சன்னம் விழுந்தது.

இந்த விற்வேத் துவக்குக் கொல்லர் அல்லர் என்பதை நம் இளைஞர் கவனிக்க வேண்டும். திருகாணிகளின் புரி நாடெங்கும் ஒரே அளவில் இருக்கவேண்டும் என்று 1841 இல் முதன்முதல் வற்புறுத்தியவர் அவர். ஓர் அங்குலத்தின் பத்து இலட்சத்தில் ஒரு கூறையும் உணரும் அளவு கருவியை அமைத்தவர். அளவில் ஒருமை கண்ட மனிதருக்கே குறியில் ஒருமை கைகூடிற்று.

கோதின் தொழில்

அக்காலத்திலே தோட்டா என்பது காகிதச் சுருள். மருந்தையும் சன்னத்தையும் அதிற் பொதிந்து கொழுப்புப் பூசியிருப்பார்கள். சிப்பாய் அதனைப் பல்லாற் கடித்துத் திறக்க வேண்டும். அக் கொழுப்பு மாட்டினதோ பன்றியினதோ என்ற அச்சமே 1857 இல் இந்தியாவில் மூண்ட கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களில் ஒன்றாயிற்று. மார்ச்சு 29 இல் பாரக்பூரில் மங்கள் பாண்டே துவக்கேந்தினார்; அந்தத் தோட்டாவைத் தொட மறுத்த 85 குதிரைவீரர் மீரத்தில் விலங்கிடப்பட்டனர்; மே 10 இல் கிளர்ச்சி வெடித்தது. ஒரு தோட்டாவின் உறை ஒரு பேரரசையே உலுக்கியது என்றால் அது மிகையாகாது.

அதன் பின்னரே பித்தளைக் கோது வந்தது. 1866 இல் இங்கிலாந்தில் பொக்சர் என்னும் இராணுவ அதிகாரி ஒரு வகையையும், அதே காலத்தில் அமெரிக்காவில் பேர்டன் என்பவர் மற்றொரு வகையையும் அமைத்தனர். பொக்சர் வகைக் கோதின் அடியில், கேப்பின் தீப்பொறி உட்செல்ல நடுவே ஒரே துவாரம் இருக்கும். பேர்டன் வகையில் பெரும்பாலும் இரண்டு சிறு துவாரங்கள் இருக்கும். காலத்தின் வேடிக்கையைப் பாருங்கள்: ஆங்கிலேயர் கண்ட பொக்சர் வகையே அமெரிக்காவில் நிலைத்தது, அமெரிக்கர் கண்ட பேர்டன் வகையோ ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் உள்ள பல படைகளிற் பரவியது. பழைய கோதை மீண்டும் நிரப்புவோர் பொக்சர் வகையையே விரும்புவர்; நடுவே உள்ள ஒரே துவாரத்தினூடாக ஊசி செலுத்திப் பழைய கேப்பை எளிதிற் கழற்றலாம் என்பதே காரணம்.

கோதுக்குரிய பித்தளையில் நூற்றுக்கு எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு நாகம். இந்தக் கலவைக்கு ஓர் அரிய குணம் உண்டு. சுடும்போது எழும் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 40,000 இறாத்தலுக்கும் மேற்படும். அப்போது கோதின் சுவர் விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வாயு பின்னோக்கிச் சுடுபவனின் முகத்திலே பாயாமல் தடுக்கிறது. அமுக்கம் தணிந்ததும் சற்றே சுருங்கித் தன் பிடியை விடுகிறது. அதனாலேயே அதனை எளிதாக வெளியே இழுக்க முடிகிறது. விரிவதும் விடுவதுமாகிய இவ்விரண்டு செயலும் கண்ணிமைக்கும் நேரத்தினும் குறுகிய நேரத்தில் நிகழ்ந்துவிடுகின்றன.

ஆகவே கோதை வெறும் உறை என்று எண்ணலாகாது. மருந்தின் கலமும் அதுவே. சன்னத்தைக் குழலின் நடுக்கோட்டில் நேராகப் பிடித்து நிறுத்தும் கையும் அதுவே. சுடுபவனின் கண்ணைக் காக்கும் கவசமும் அதுவே.

மழைக்காலத்தில் வெடித்த பித்தளை

இதனை விளக்க இந்தியாவில் நடந்த ஒரு செய்தியைச் சொல்லுகிறேன். ஆங்கிலேயர் காலத்தில் இந்தியப் படைகளின் களஞ்சியங்களிலே தோட்டாக்கள் சுடப்படாமலே விரிசல் கண்டன. கோடையில் நன்றாக இருந்த கோது மழைக்காலம் கழிந்து பார்த்தால் கழுத்தருகே கீறிக் கிடக்கும். பருவ மழையோடு வந்த நோய் என்று கருதி அதனைப் பருவ வெடிப்பு என்றே அழைத்தார்கள். தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பதும் அந்நாளில் வழக்கமாக இருந்தது.

1921 இல் மூர், பெக்கின்சேல், மலின்சன் என்னும் மூவர் இதன் காரணத்தை ஆராய்ந்து வெளியிட்டனர். குற்றவாளிகள் இருவர். ஒன்று, குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா வாயு. ஈரக் காற்றோடு சேர்ந்து அது பித்தளையை அரித்தது. மற்றொன்று, கோதின் உள்ளேயே ஒளிந்திருந்த இழுவிசை. தகட்டைக் குளிர்ந்த நிலையிலேயே அச்சில் இழுத்துக் கோதாக்கும்போது அந்த உலோகத்துக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது. வெளியே அமோனியாவும் உள்ளே இறுக்கமும் சேர்ந்தபோதுதான் கோது பிளந்தது. ஒன்று மாத்திரம் இருந்தால் அவ்வாறு பிளப்பதில்லை.

மருந்தும் எளிதாயிற்று. கோதின் கழுத்தையும் தோளையும் மட்டாகச் சூடாக்கி ஆற விட்டால் உள்ளிருந்த இறுக்கம் நீங்கிவிடும். இதனைப் பதந் தணித்தல் எனலாம். இராணுவப் பித்தளைக் கோதுகள் பலவற்றின் கழுத்தில் நீலமும் ஊதாவும் மண்ணிறமும் கலந்த ஒரு நிழற்கறையைக் காணலாம். அஃது அழுக்கன்று, பதந் தணித்த தீயின் சுவடு. வெளியிலே கெட்ட காற்றும் உள்ளே தணியாத இறுக்கமும் ஒன்று கூடினால் நல்ல உலோகமும் பிளக்கும் என்ற உண்மை மனிதருக்கும் பொருந்துமா என்பதை இளைஞர்களே சிந்திக்க.

ஆயத்தம்

இனி, ஒருமுறை சுட்ட கோதை மீண்டும் பயன்படுத்தும் நாடுகளில் அதனை எவ்வாறு ஆயத்தஞ் செய்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். அவ்வாறு செய்ய அங்கே சட்டமும் சங்கங்களும் இடந்தருகின்றன. நான் சொல்வது அறிவுக்காகவே. செய்முறைப் பாடமாக அன்று.

முதலாவது, இனம் பிரித்தல். ஒரே ஆலையில் ஒரே தொகுதியிற் செய்த கோதுகளையே ஒன்று சேர்ப்பார்கள். வெளித்தோற்றம் ஒன்றாயினும் ஓர் ஆலையின் கோதுச் சுவர் தடிப்பாகவும் மற்றதன் சுவர் மெல்லிதாகவும் இருக்கும். சுவர் தடித்தால் உட்கொள்ளளவு குறையும். அதே மருந்து அங்கே அதிக அமுக்கத்தை எழுப்பும். இரண்டாவது, சோதித்தல். கழுத்திற் கீறல் உண்டா, அடிக்குச் சற்று மேலே பளிச்சென்ற வளையம் ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். அந்த வளையம், கோது நீண்டு மெலிந்து இரண்டாக அறப்போகிறது என்பதன் அறிகுறி. சந்தேகம் வந்த கோதை நசுக்கி எறிந்துவிட வேண்டும் என்பது விதி.

மூன்றாவது, அச்சிலிட்டுப் பழைய உருவுக்குக் கொண்டுவருதல். நான்காவது, நீளத்தைச் சரிசெய்தல். சுடுந்தோறும் பித்தளை கழுத்தை நோக்கி நகர்ந்து கோது நீளும். நீண்ட வாய் குழலின் தொடக்கத்தில் இறுகிச் சன்னத்தை நெரித்தால் அமுக்கம் ஆபத்தான அளவுக்கு ஏறும். ஆதலின் அளந்து வெட்டி, வெட்டிய விளிம்பின் பிசிரையும் நீக்குவார்கள். ஐந்தாவது, கழுத்துச் சுவரின் தடிப்பை அளத்தல். ஒருபுறம் தடித்து மறுபுறம் மெலிந்தால் சன்னம் நடுக்கோட்டிலிருந்து சாய்ந்து நிற்கும். சாய்ந்து புறப்பட்ட சன்னம் சாய்ந்தே சுழலும். ஆறாவது, முன்னர் சொன்ன பதந் தணித்தல். இதிற் கழுத்தும் தோளும் மாத்திரமே சூடேறலாம். அடிப்பாகம் இளகிவிட்டால் அமுக்கத்தைத் தாங்கமாட்டாது. சுடுபவனின் உயிருக்கே ஆபத்து.

இவ்வளவு பாடும் எதற்கு என்று கேட்பீர்கள். ஒரு கணக்கைச் சொல்லுகிறேன். பழைய .303 றைபிளின் ஏழாம் மாதிரித் தோட்டாவில் 174 கிறெயின் நிறையுள்ள சன்னம் செக்கனுக்கு 2,440 அடி வேகத்திற் புறப்படும். ஒரு கோது சற்றே வேறுபட்டதால் அந்த வேகம் 2,400 ஆகக் குறைந்தது என்று கொள்வோம். காற்றின் தடையை விட்டுக் கணக்கிட்டால், 200 யாரில் அச் சன்னம் அரை அங்குலத்திலும் குறைவாகவே தாழ்ந்து விழும். ஒருவரும் அதனைக் கவனிக்கமாட்டார். 600 யாரிலோ மூன்றரை அங்குலம் தாழும். காற்றின் தடையையும் சேர்த்தால் அது இன்னுங் கூடும். கிட்ட நிற்கும்போது தெரியாத சிறு பிழை, தூரம் போகப் போக ஒன்பது மடங்காகிவிடுகிறது. தூரம் மூன்று மடங்காகப் பிழை ஒன்பது மடங்காகும் என்ற இக்கணக்கைச் சுடுபவன் மறப்பதில்லை.

பிறங்கிளின் மான் என்னும் அமெரிக்க மருத்துவர், சன்னம் ஏன் வழி விலகுகிறது என்ற ஒரே கேள்விக்கு விடை தேடிப் பல்லாண்டுகள் பரிசோதனை செய்து 1909 இல் ஒரு நூல் வெளியிட்டார். சன்னத்தின் மூக்குச் சிதைந்தாலும் பெருந் தீங்கில்லை, அதன் அடி சிதைந்தால் வழி விலகும் என்பது அவர் கண்ட முடிபுகளுள் ஒன்று. குழலை விட்டு நீங்கும் கடைசிக் கணத்தில் வாயு தள்ளுவது அடியை அன்றோ! அடிப்படை கோணினால் முகப்பு எவ்வளவு அழகாயிருந்தும் பயனில்லை.

தவறிய ஒரு சூடு

செப்பம் என்பது விளையாட்டில் ஒரு புள்ளியைக் கூட்டும் அல்லது குறைக்கும். வேட்டையிலோ அஃது அறம். அதற்கு ஒரு சான்று சொல்லுகிறேன்.

இந்தியாவின் குமாவோன் மலைப்பகுதியில் சம்பாவத் என்னும் இடத்தில் திரிந்த ஒரு பெண்புலியை ஜிம் கோர்பெற் 1907 இல் சுட்டு வீழ்த்தினார். நேபாளத்திலும் குமாவோனிலுமாக அது 436 மனிதரைக் கொன்றது என்று அவர் எழுதியிருக்கிறார். இறந்த புலியின் வாயைத் திறந்து பார்த்தபோது, வலப்பக்கத்து மேற் கோரைப்பல் பாதியாகவும் கீழ்க் கோரைப்பல் எலும்புவரையிலும் முறிந்திருந்தன. எவனோ ஒருவன் முன்னொரு நாள் சுட்ட சூட்டின் காயம் அது. தன் இயல்பான இரையைப் பிடிக்க முடியாமற் போனதனாலேயே அது மனிதரை நாடியது என்பது கோர்பெற்றின் கருத்து. சுட்டவன் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. சுட்டான், தவறியது, வீட்டுக்குப் போனான். பிழையின் விலையைக் கொடுத்தவர்கள் விறகு பொறுக்கப் போன பெண்கள்.

நம் இலங்கையிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் யானை வேட்டை பெரும் பொழுதுபோக்காயிருந்தது. மேஜர் றொஜேர்ஸ் என்பவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனப் பெயர் பெற்றார். 1845 இல் ஊவா மலைநாட்டில் இடி விழுந்து இறந்தார். அந்த வீரத்தை இன்று வீரம் என்று எவரும் கொண்டாடுவதில்லை. கோர்பெற்றோ தம் பிற்காலத்தில் துவக்கை விட்டுப் படக்கருவியை ஏந்திப் புலிகளைக் காக்க உழைத்தார். இந்தியாவின் முதல் தேசிய வனம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நம் புராண இதிகாசங்களும் இதனையே சொல்லுகின்றன. தசரதச் சக்கரவர்த்தி ஒலியைக் கேட்டே அம்பெய்யும் வித்தையில் வல்லவர். இருளில், ஆற்றங்கரையில், யானை நீர் குடிக்கிறது என்று எண்ணி எய்தார். குருடரான தாய் தந்தையருக்குத் தண்ணீர் மொண்ட பிள்ளை இறந்தான். வித்தை தவறவில்லை, அம்பு குறியிலேயே பட்டது. குறி எது என்று காணாமல் எய்ததே குற்றம். கண்ணாற் காணாத குறியை எய்யலாகாது என்பது இதனால் விளங்கும்.

இதனை அளவுகோலாக வைத்துக் கட்டுத்துவக்கைப் பாருங்கள். பன்றி வரும் தடத்திலே துவக்கைக் கட்டி, கம்பியை இழுத்துவிட்டு, வைத்தவன் வீட்டிற் போய் நித்திரை கொள்ளுகிறான். கம்பியிற் கால் படுவது பன்றியா, மாடா, தேன் எடுக்கப் போனவனா என்று துவக்குக்குத் தெரியாது. கண்ணில்லாத துவக்கு அது. உணவுப் பண்டத்திற் பொதிந்து வைக்கும் பன்றிவெடியும் அத்தகையதே. வாய் சிதைந்த யானை உண்ணவும் முடியாமல் உயிர் விடவும் முடியாமற் பல நாள் அலைந்து சாகிறது. பயிரை இழக்கும் கமக்காரனின் துயரம் எனக்குத் தெரியாததன்று. ஓர் இரவிற் பன்றிக் கூட்டம் புகுந்தால் ஒரு போகத்தின் உழைப்பே போய்விடும். ஆயினும் வேலியும் காவலும் சட்டப்படி அனுமதி பெற்ற துவக்கும் ஒருபுறம். கண்ணில்லாத பொறி மறுபுறம். முன்னையதற்கு நியாயம் உண்டு. பின்னையதற்கு இல்லை என்பதே என் துணிபு.

நம் இளைஞர் செய்யத்தக்கது

இளைஞர்களே, உங்களுக்கு மூன்று வார்த்தை சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, மண்ணிற் கிடக்கும் எதனையும் தொடாதீர்கள். பித்தளைக்கு விலை உண்டு என்பதனாற் பழைய இரும்போடு சேர்த்து விற்கக் கோது பொறுக்கியவர்கள் நம் பகுதியில் இருந்தார்கள். வெற்றுக் கோது என்று எடுத்தது வெற்றுக் கோது அன்று என்பதை விரல் போன பின்னர் அறிந்தவர்களும் உண்டு. கேப்பு உயிரோடிருக்கும் தோட்டா, ஆண்டு பல மண்ணிற் கிடந்தாலும் நம்பத் தக்கதன்று. கண்டால் விலகி நில்லுங்கள். இடத்தை அடையாளமிட்டுக் கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ கண்ணிவெடி அகற்றுவோருக்கோ சொல்லுங்கள். தம்பி தங்கைமாருக்கும் இதனைச் சொல்லிக் கொடுங்கள்.

இரண்டாவது, சட்டத்தை அறியுங்கள். 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி உத்தரவுப் பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றம். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காட்டுயிர்களைக் காக்கிறது. வெடிமருந்துக்கும் 1956 முதல் தனிச் சட்டம் உண்டு. பிற நாட்டார் தம் வீட்டு மேசையில் தோட்டா நிரப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டு இங்கே எவரும் கை வைக்கலாகாது.

மூன்றாவது, குறி பயில ஆசை இருந்தால் அதற்கு நேர்மையான வழி ஒன்று உண்டு. எயார் றைபிள் எனப்படும் காற்றுத் துவக்கிலே மருந்தும் இல்லை, கோதும் இல்லை, கொலையும் இல்லை. பத்து மீற்றர் தூரத்தில் உள்ள இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர் அகலமே உடையது. ஓர் ஊசித் துளை போன்றது. அதனையும் அனுமதி பெற்ற கழகத்தில், பயிற்றுநரின் மேற்பார்வையிலேயே பயில வேண்டும். தமிழ்நாட்டின் கடலூரிலே 1999 இற் பிறந்த இளவேனில் வாலறிவன் என்னும் பெண் 2019 இல் இறியோ டி ஜனைறோ நகரில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் இந்த விளையாட்டிலே தங்கப் பதக்கம் பெற்றார். சென்னையிற் பிறந்த ககன் நாரங் 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றார். நம் இலங்கையின் தெஹானி எகொடவெல 2021 இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் இதே போட்டியிற் பங்குபற்றினார்.

இவர்களைக் காட்டிலும் நம் ஊர் நினைவிற் கொள்ள வேண்டியவர் வேறு இருவர். கறொலி தக்காஸ் என்னும் ஹங்கேரிய வீரரின் வலக்கை 1938 இல் கைக்குண்டு வெடித்துச் சிதைந்தது. அவர் இடக்கையாற் சுடப் பழகி 1948 இலும் 1952 இலும் ஒலிம்பிக் கைத்துப்பாக்கிப் போட்டியில் தங்கம் வென்றார். இந்தியாவின் இராஜஸ்தானத்து அவனி லேகரா 2012 இல் வீதி விபத்தொன்றில் இடுப்புக்குக் கீழே அசைவிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே 2021 இல் தோக்கியோவிலும் 2024 இல் பாரிசிலும் பராலிம்பிக் காற்றுத் துவக்குப் போட்டியிலே தங்கம் வென்றார். காலை இழந்தவர், கையை இழந்தவர், நடக்க முடியாதவர் நம் மாவட்டத்தில் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள்! அவர்களுடைய கண்ணுக்கும் நெஞ்சுக்கும் ஊனம் இல்லை. துவக்கினால் ஊனமுற்ற ஒரு பிள்ளை, கொல்லாத ஒரு துவக்கைக் கையிலெடுத்து, அரை மில்லிமீற்றர்ப் புள்ளியிலே தன் மனத்தை நிறுத்தும் நாள் வருமாயின், இந்த மண்ணின் துவக்குக் கதைக்கு அதனினும் நல்ல முடிவு வேறில்லை. அதற்கான இடத்தையும் பயிற்றுநரையும் அனுமதியையும் தேடித் தருவதை நம் சங்கம் தன் வேலைத் திட்டங்களில் ஒன்றாகக் கொள்ளலாமோ என்று செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்ளுகிறேன்.

துரோணர் சீடர்களை நிறுத்தி, மரத்திலே என்ன தெரிகிறது என்று கேட்டபோது, அருச்சுனன் ஒருவனுக்கே பறவையின் தலை மாத்திரம் தெரிந்தது. படிப்பில், தொழிலில், கமத்தில், வழிபாட்டில் எங்கும் அந்த ஒருமுகமே வேண்டியது. கோதை ஆயத்தஞ் செய்பவன் யாரும் காணாத இடத்தில் அளக்கிறான், துடைக்கிறான், கெட்டதை விலக்குகிறான். குறியில் விழுந்த பின்னரே மற்றவர்கள் கைதட்டுகிறார்கள். அந்த ஆயத்தத்தில் நம் இளைஞர் ஊக்கங் கொள்ளக் காட்டுவிநாயகப் பெருமானும் வற்றாப்பளைக் கண்ணகித் தாயும் அருள் புரிவார்களாக.